மதினி கேட்காத வீடு

எங்கள் மதினி ஒரு கல்யாண வீட்டுக்கு வந்தால் மணமேடைப் பக்கம் போக மாட்டாள். நேராகப் பந்தி நடக்கிற இடத்துக்குத்தான் போவாள். சாப்பிடுவதற்கு அல்ல. இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்ட மனிதன் பாயசம் வருகிற வரைக்கும் எழுந்து ஓட முடியாது என்பதை அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். எங்கள் சித்தப்பா மகன் சாம்பாரைப் பிசைந்து முதல் கவளத்தை எடுக்கும்போது எதிரே போய்க் குனிந்து நிற்பாள்.

“கொழுந்தனாரே, பிள்ளைகளுக்கு ஈசிஜி எடுத்தாச்சா?”

“மதினி, சோத்துல கை வச்சிருக்கேன்.”

“அதப் பாத்துத்தான வந்தேன். கை கழுவிட்டா நீரு ஓடிருவீரு. ஒரு தாளு, கொஞ்ச நேரம், வலிக்காது. எப்பம் கூட்டிட்டு வாரீரு?”

ஒரு தாளு, கொஞ்ச நேரம், வலிக்காது. இதை அவள் சொல்லாத விசேஷம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. சடங்கு வீட்டில் சொல்லியிருக்கிறாள், பால் காய்ச்சின வீட்டில் சொல்லியிருக்கிறாள், பதினாறாம் நாள் வீட்டில் வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொல்லியிருக்கிறாள். “நல்லாருக்கியளா” என்று எல்லோரும் கேட்கிற இடத்தில் அவள் இதைக் கேட்டாள். எங்கள் ஆட்கள் அவளுக்கு ‘ஈசிஜி மதினி’ என்று பெயர் வைத்தார்கள். அவள் ஆட்டோவில் இருந்து இறங்குவதைப் பார்த்ததும் தண்ணீர் குடிக்கப் போகிறவர்களும், போனில் பேசுவது போல நடிக்கிறவர்களும், பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. அவள் பாத்ரூம் வாசலில் நின்று காத்திருப்பாள். அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அவள் என் அண்ணன் மனைவி. செங்கோட்டைக்காரி. என் அப்பாவின் கூடப்பிறந்த தங்கையை, அதாவது என் அத்தையை, செங்கோட்டையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்த அத்தையின் மகளைத்தான் அண்ணனுக்கு எடுத்தோம். அதனால் கல்யாணத்துக்கு முன்பும் எனக்கு அவள் மதினிதான், பின்பும் மதினிதான். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “ஏட்டி” என்பாள். மின்வாரிய ஆபீசில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் முன்னால்கூட “ஏட்டி” என்றுதான் கூப்பிட்டாள்.

அண்ணனுக்கு ஐந்தருவியில் கடை. துண்டு, சோப்பு, ஷாம்பு பாக்கெட், எண்ணெய் பாட்டில், ஆண்கள் குளிக்கிற கால்சட்டை. சீசனில் காலையில் கடை திறப்பதற்கு முன் அருவியில் ஒரு குளியல் போட்டுவிட்டு வருவது அவன் வழக்கம். சின்ன வயதில் இருந்து அந்தத் தண்ணீரில் கிடந்தவன். ஒரு ஆடி மாதச் சாரலில் குளிக்கப் போனவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. வழுக்கி விழுந்தான் என்றார்கள். ஏதோ அடித்துவிட்டது என்றார்கள். அறுத்துப் பார்த்த டாக்டருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை, மாரடைப்பாக இருக்கும் என்று எழுதிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் இப்படி இதற்கு முன்பும் ஆட்கள் போயிருக்கிறார்கள். எங்கள் பெரியப்பா குளத்தில் நீந்தப் போய்த் திரும்பவில்லை. ஒரு சித்தப்பா ரயிலைப் பிடிக்க ஓடி பிளாட்பாரத்திலேயே சாய்ந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காரணம் சொல்லி அழுது முடித்திருந்தோம். எல்லாம் ஒன்றுதான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு அண்ணன் மகன் பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் ஓடும்போது விழுந்தான். வலிப்பு என்று கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். வலிப்புக்கு மாத்திரை கொடுத்தார்கள். மறுபடியும் விழுந்தான். கடையில் ஈரத் துண்டுகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்த மதினிக்கு அன்றைக்குத்தான் ஏதோ உறைத்திருக்க வேண்டும். “அவுக அப்பாவும் இப்படித்தான விழுந்திருப்பாவ” என்று என்னிடம் கேட்டாள். செங்கோட்டையில் ரயில் ஏறி கொல்லம் போய், அங்கிருந்து திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனோம். குடும்ப வழியாக வருகிற இதயக் கோளாறுகளுக்கென்றே அங்கே தனியாக ஒரு பிரிவு இருந்தது. மலையாளி டாக்டரம்மா. வயது குறைவு, பொறுமை அதிகம். பையனைப் பரிசோதிப்பதற்கு முன் எங்கள் குடும்பத்தில் யார் யார் எப்படிச் செத்தார்கள் என்று கேட்டு, கட்டமும் வட்டமுமாகப் போட்டுக்கொண்டே வந்தார். பெரியப்பாவுக்கு ஒரு கட்டம், சித்தப்பாவுக்கு ஒரு கட்டம், அண்ணனுக்கு ஒரு கட்டம். மூன்றின் மேலும் குறுக்குக் கோடு போட்டார்.

“அம்மே, இது ஃபிட்ஸ் அல்ல கேட்டோ. மசில் நல்லா உண்டு. கரண்ட் ஓடுற வழிதான் பிரச்னம்.”

மின்வாரியத்தில் வேலை பார்க்கிற எனக்கு அது சட்டென்று புரிந்தது. மோட்டார் சரியாக இருக்கிறது, ஒயரிங்கில்தான் தகராறு. ஓடினாலோ, நீந்தினாலோ, குளிர்ந்த தண்ணீர் திடீரென்று மேலே கொட்டினாலோ துடிப்பு தாறுமாறாகப் போய் நின்றுவிடலாம். தினமும் மாத்திரை போட்டால் பெரும்பாலும் ஒன்றும் வராது. தேவைப்பட்டால் தோள்பட்டைக்குக் கீழே சின்னதாக ஒரு கருவியைப் பதித்துவிடுவார்கள், நின்றால் அது தட்டி எழுப்பும். ஆனால் இது ஒருவரோடு நிற்கிற நோய் இல்லை, ரத்த சம்பந்தம் உள்ள எல்லோரும் ஈசிஜி எடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. எனக்கு அன்றைக்கே எடுத்தார்கள், சரியாக இருந்தது. மதினிக்கும் எடுத்தார்கள், அதுவும் சரியாக இருந்தது. அப்போது அவர் இன்னொன்றும் சொன்னார். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன்.

“நிங்ஙள் சொந்தத்திலல்லே கல்யாணம்? அப்போ ரெண்டு பக்கமும் பார்க்கணும். அம்மாவோட பிறந்த வீட்டுக்காரும் வரணும்.”

மதினி தலையை ஆட்டினாள்.

ஊருக்கு வந்த அன்றே ஆரம்பித்துவிட்டாள். சுரண்டை, ஆய்க்குடி, கடையநல்லூர், மேலகரம் என்று பங்காளி வீடு ஒன்று விடாமல் ஏறி இறங்கினாள். டாக்டரம்மாவின் விளக்கத்தைச் சொல்லும்போது நடுவில் வருகிற மலையாளத்தையும் சேர்த்தே சொல்லுவாள், அதில் ஒரு மரியாதை இருப்பதாக அவளுக்கு எண்ணம். கடைக்கு வருகிற டூரிஸ்ட்டுகளைக்கூட அவள் விடவில்லை. துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, “ஓடினா கண்ணு இருட்டுமா? வீட்ல யாரும் சின்ன வயசுல பட்டுன்னு போயிருக்காவளா?” என்று கேட்பாள். மதுரையில் இருந்து வந்த ஒரு ஆள் கோபத்தில் துண்டைத் திருப்பிப் போட்டுவிட்டு, “துண்டு விக்கிறியா, இல்ல பீதி விக்கிறியா?” என்று கத்தினான். “ரெண்டும்தான். துண்டுக்கு மட்டும் காசு” என்றாள். அவன் சிரித்துவிட்டு, துண்டையும் எடுத்துக்கொண்டு, குளிக்காமல் போனான்.

இலஞ்சியில் இருக்கிற பெரியப்பா மகன், நான் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர், அவளை வாசலோடு நிறுத்திவிட்டார். அவருக்கு ஒரே மகள், மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். அந்தப் பிள்ளை குழாயடியில் இரண்டு தடவை மயங்கி விழுந்ததாக மதினிக்கு எப்படியோ தகவல் வந்திருந்தது.

“ஏம்மா, ஈசிஜி எடுத்த பொண்ணுன்னு ஊருக்குள்ள பேரு வாங்கிட்டா எவன் வந்து தாலி கட்டுவான்?” என்றார் அண்ணாச்சி.

“அத்தான், தாலி கட்டுததுக்குக் கழுத்து உயிரோட இருக்கணும்லா?” என்றாள் மதினி.

அவர் கதவைச் சாத்திவிட்டார். இவள் அடுத்த வாரமே சேலை எடுக்கப் போகிறோம் என்று அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் மட்டும் சொல்லி, பிள்ளையைத் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போய், தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத ஒரு ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துவிட்டு, சேலையும் எடுத்துக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு இருந்தது. அண்ணாச்சி ஆடாத ஆட்டம் ஆடினார். அதற்குள் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்கு மதினியே போய் விஷயத்தைச் சொன்னதும் அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அவளைத் திட்டாத வாய் எங்கள் குடும்பத்தில் இல்லை. பிறகு வேறொரு மாப்பிள்ளை எல்லாம் தெரிந்தே கட்டினார். இப்போது அந்தப் பிள்ளை மாத்திரை போட்டுக்கொண்டு, கைக்குழந்தையோடு நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்தக் கல்யாணத்துக்கு மதினிக்குப் பத்திரிகை வரவில்லை. அழைக்காமலே போய், பந்தியில் நின்று, மாப்பிள்ளையின் தோழனிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மெல்ல மெல்ல எல்லா வீடுகளும் அப்படி ஆயின. மூத்தவர்கள் பலர் திட்டிக்கொண்டே பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டினார்கள், காட்டிவிட்டு மதினியை ஒதுக்கினார்கள். அவளைப் பார்த்தால் சாவு ஞாபகம் வருகிறது என்று ஒரு சித்தி வெளிப்படையாகவே சொன்னாள். மதினி அதற்கெல்லாம் அசரவில்லை. கடையில் உட்கார்ந்து, அடுத்து யார் வீடு என்று யோசித்துக்கொண்டிருப்பாள்.

இத்தனை வீடு ஏறினவள் ஒரு வீட்டுக்கு மட்டும் போய்க் கேட்கவில்லை. அது செங்கோட்டையில் அவள் பிறந்த வீடு.

அங்கே அவளுடைய தம்பி இருந்தான். மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். வருஷம் தவறாமல் பொங்கலுக்கு அக்காவுக்குக் கரும்பும் மஞ்சள் குலையும் பானையுமாகப் படிச் சீர் கொண்டுவந்து இறக்குகிற தம்பி. அக்கா மகனுக்கு நோய் என்று தெரிந்த அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, “உங்க குடும்பத்துச் சீக்கு எங்க அக்கா பிள்ளைக்கு வந்துட்டுல்லா” என்று கத்தியவன். என் அப்பா அப்போது உயிரோடு இருந்தார். தலையைக் குனிந்துகொண்டார். தம்பியைப் பெற்றவளே எங்கள் வீட்டுப் பெண் என்பது அன்றைக்குக் கூடியிருந்த அத்தனை பேரில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. எங்கள் ஆட்களின் கணக்கு அப்படி. சாவுத் தீட்டு எந்த வீடுகளுக்கு உண்டோ அந்த வீடுகளுக்குத்தான் நோயும் போகும் என்று நினைப்பார்கள். பங்காளிக்குத் தீட்டு உண்டு. கட்டிக் கொடுத்த பெண்ணின் பிள்ளைகளுக்கு இல்லை. அவள் புருஷன் வீட்டுக்காரி ஆகிவிட்டாள், ரத்தமும் கூடவே மாறிவிடும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லுவதில்லை, ஆனால் எல்லோரும் நம்பினார்கள். மதினிக்கும் எனக்கும் மட்டும் அது தப்பு என்று தெரியும். டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஒரு தடவை திருவனந்தபுரத்தில் இருந்து திரும்பும்போது ரயிலில் கேட்டேன். “செங்கோட்டையிலயும் பாக்கணும்னு சொன்னாங்கல்லா மதினி?”

“அங்கன எல்லாரும் நல்லாத்தான் இருக்காவ. எங்கம்ம கடைசி வரைக்கும் நெஞ்சு வலின்னு ஒரு நாள் படுத்ததில்ல. எனக்கே தாளு சுத்தமா வந்துட்டுல்லா.”

“தாள்ல தெரியாமலும் இருக்கும்னு அந்த டாக்டரம்மாதான...”

“ஏட்டி, நீ ஒன் சோலியப் பாரு.”

அவள் என்னிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தம்பிக்கு நானே போன் போட்டேன். அவன் சிரித்தான். “நீங்க வேற. எங்கக்கா ஊரு பூரா போயிக் கேட்டுக்கிட்டிருக்கா. எங்களுக்கு இருக்கும்னு ஒரு சந்தேகம் இருந்தா எங்கள விட்டுட்டு ஊரைப் பாப்பாளா? அவ சொல்லலன்னா இல்லன்னு அர்த்தம்” என்றான். நான் இன்னும் இரண்டு வார்த்தை பேசிப் பார்த்தேன். உங்கள் வீட்டுச் சீக்கை எங்கள் தலையில் கட்டாதீர்கள் என்று போனை வைத்துவிட்டான். ஊரில் எந்த வீடும் அவள் பேச்சைத் திட்டாமல் கேட்கவில்லை. அவன் ஒருத்தன்தான் அவள் பேசாமல் இருந்ததையே வாக்காக எடுத்துக்கொண்டான்.

தம்பியின் மூத்த மகள் மீது மதினிக்கு உயிர். கபடி விளையாடுகிற, எதிர்த்துப் பேசுகிற, அத்தை கடைக்கு வந்தால் கல்லாவில் ஏறி உட்கார்ந்துகொண்டு வியாபாரம் பண்ணுகிற பிள்ளை. “மருமகளே” என்றுதான் மதினி கூப்பிடுவாள். அந்தப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புப் படித்த வருஷம் சீசனுக்கு அவர்கள் குடும்பமாக ஐந்தருவிக்கு வந்தார்கள். நானும் அன்றைக்கு லீவு போட்டுவிட்டுக் கடையில் இருந்தேன். சாரல் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது, நல்ல தண்ணீர். பெண்கள் பக்கம் போகலாம் என்று மூத்தவள் துண்டை எடுத்தாள்.

“வேண்டாம் மருமகளே. ஒரே கூட்டமா இருக்கு. சளி பிடிச்சுக்கிடும்” என்றாள் மதினி.

“நீங்க போன வருசமும் இதத்தான் சொன்னிய.”

“போன வருசமும் கூட்டம்தான்.”

இவளுக்குப் பயம் இருக்கிறது, தெரிந்துதான் தண்ணீரில் விடாமல் வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. அந்தப் பிள்ளை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, கடைக்குக் கீழே உள்ள படிகளில் இறங்கி, தங்கச்சியோடு போட்டி போட்டு மேலே ஓடி ஏறினாள். ஏறி வந்தவள் கடை வாசலிலேயே துணி விழுவது போல விழுந்தாள்.

அவள் அம்மா, “வெயில் மழைன்னு பாக்காம அலைஞ்சா இப்படித்தான்” என்றாள். தம்பி சோடா வாங்க ஓடினான். நான் மதினியைப் பார்த்தேன். மயக்கம் என்ற சொல் காதில் விழுந்தாலே மூன்றாம் மனுஷி வீட்டுக்குக்கூட ஓடுகிறவள், பிள்ளையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கண்ணைத் திறந்தது. எல்லோரும் மதினியைப் பார்த்தார்கள். இந்தக் காரியத்தில் அவள் சொல்வதுதானே குடும்பத்துக்குச் சட்டம்.

“காலையில சாப்பிடாம வந்திருப்பா. பித்த மயக்கம்” என்றாள் மதினி.

அவர்கள் போன பிறகு கடைக்குப் பின்னால் கூட்டிப் போய்ச் சண்டை போட்டேன். எனக்கு அன்றைக்கு அவள் மேல் இருந்த கோபம் யார் மேலும் இருந்ததில்லை. நாளைக்கே நான் போய் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். மதினி நனைந்த துண்டு ஒன்றை முறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு அழுதாள்.

“எந்த வீட்டுக்குப் போனாலும் என்னயப் பாத்துக் கதவச் சாத்துதாவ. ஒனக்குத் தெரியாததா? அங்கன ஒரு வீட்லதான் இன்னமும் ‘வாங்க’ன்னு சொல்லுதாவ. நான் போயி அந்த வாசல்ல நின்னு கேட்டேன்னா, தம்பி பொண்டாட்டி என்ன சொல்லுவா? பொம்பளப் பிள்ளைய ரெண்டு வச்சிருக்கோம், ஒங்க புருசன் வீட்டுச் சீக்க இங்கன கொண்டாந்துட்டியளான்னு சொல்லுவா. பொறவு எனக்கு எந்த வாசல் இருக்கு?”

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்ற பேச்சை நான் அதோடு விட்டுவிட்டேன். ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீடு என்றால் என்ன என்று எனக்கும் தெரியும். அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பரீட்சை முடியட்டும்டி. பிள்ள படிக்கிற நேரம். முடிஞ்ச மறுநா நானே கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் ஓடாம பாத்துக்கிடச் சொல்லுதேன்” என்றாள். சொன்னபடியே போய், கபடி ஆடினால் மார்க் குறையும் என்று தம்பியிடம் சொல்லி விளையாட்டையும் நிறுத்திவிட்டாள்.

பரீட்சைக்கே போகிற வழியில்தான் நடந்தது. பஸ் கிளம்பிவிட்டது, பிள்ளை பையோடு ஓடியிருக்கிறாள். படியில் கால் வைப்பதற்குள் விழுந்துவிட்டாள். கண்டக்டர் இறங்கித் தூக்கினபோது உயிர் இல்லை.

நான் போகும்போது செங்கோட்டை வீட்டில் குளிர்பெட்டிக்குள் அவளைப் பள்ளிக்கூடச் சீருடை மாற்றிப் பட்டுப்பாவாடை உடுத்திக் கிடத்தியிருந்தார்கள். மதினி பெட்டியின் தலைமாட்டில் இருந்தாள். அழவில்லை. சுற்றிலும் பெண்கள் வெயிலைச் சொன்னார்கள், பரீட்சைப் பயத்தைச் சொன்னார்கள், கண் பட்டதைச் சொன்னார்கள். என் சித்தி ஒருத்தி மட்டும், எல்லா வீட்டுக்கும் போய்ச் சொன்னவள் தன் வீட்டுக்குச் சொல்லவில்லையே என்று பக்கத்தில் இருந்தவள் காதில் சொன்னது தம்பிக்குக் கேட்டுவிட்டது. அவன் கூடத்துக்கு வந்தான். அக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

“ஏக்கா. ஊரு பூரா போனியே. எங்க வீட்டுக்கு ஏன் வரல?”

மதினி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“ஒனக்குத் தெரியாதுன்னு சொல்லு. நான் நம்பிக்கிடுதேன்” என்றான் தம்பி.

“தெரியும்லே” என்றாள் மதினி. “தெரிஞ்சுதான் வரல.”

தம்பி மனைவி எழுந்து வந்து மதினியை அடித்தாள். முதுகில், தலையில், கை வலிக்கும் வரை அடித்தாள். யாரும் தடுக்கவில்லை, மதினியும் கையைத் தூக்கவில்லை. அடி நின்ற பிறகு அவள் எழுந்தாள். கலைந்த சேலையைச் சரி பண்ணிக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலுக்குக் கீழே சுருண்டு கிடந்த இளையவளின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளை அழுது முகம் வீங்கிக் கிடந்தது.

“எங்கன கூட்டிட்டுப் போற?” என்று ஒரு வயசான அம்மா எழுந்தாள். “பிணத்தை எடுக்காம கூடப்பிறந்தவ வாசப்படி தாண்டக் கூடாது.”

“தென்காசிக்கு. ஒரு தாளு எடுத்துட்டு வந்துருதேன்” என்றாள் மதினி. வழக்கமாகச் சொல்லுகிற மிச்சத்தை அவள் சொல்லவில்லை.

கூடம் முழுக்கச் சத்தம் போட்டார்கள். இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். மதினி தம்பியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். தம்பி எழுந்து வந்தான். அவளை ஏதோ செய்யப் போகிறான் என்று நான் குறுக்கே போனேன். அவன் குனிந்து, வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் தேடி, இளையவளின் செருப்பை எடுத்து அவள் காலில் மாட்டிவிட்டான்.

“அக்கா வார வரைக்கும் எடுக்க வேண்டாம்” என்று வெளியே நின்ற ஆண்களிடம் சொன்னான்.

நானும் அவர்களோடு ஆட்டோவில் ஏறினேன். தென்காசியில் அந்த டாக்டருக்கு மதினியை நன்றாகத் தெரியும், எத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு வந்து அவர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்ததும் வேறு எதுவும் கேட்காமல் பிள்ளையைப் படுக்கச் சொன்னார். தாளைக் கையில் வாங்கி அளந்து பார்த்தார். மறுபடியும் எடுத்துப் பார்த்தார். இருக்கிறது, இன்றைக்கே மாத்திரை ஆரம்பித்துவிடலாம், அப்புறம் திருவனந்தபுரம் போய் முழுசாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

அந்த இளையவள் இப்போது காலேஜில் படிக்கிறாள். மாத்திரையை ஒரு நாள் விடுவதில்லை. மதினி ஐந்தருவிக் கடையை விற்றுவிட்டு மகனோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். பொங்கல் படி வருவது அந்த வருஷத்தோடு நின்றுவிட்டது. எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு இப்போதெல்லாம் அவளை மனதார அழைக்கிறார்கள், அவள்தான் வருவதில்லை. பந்தியில் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள். எனக்குத்தான் சோறு இறங்குவதில்லை.

அன்றைக்கு நாங்கள் தென்காசியில் இருந்து திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சொன்னபடி எடுக்காமல்தான் வைத்திருந்தார்கள். பாடை கட்டி முடித்துவிட்டு ஆட்கள் தெருவில் நின்றார்கள். தம்பி குளிர்பெட்டியின் பக்கத்தில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். மதினி தாளை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

“இருக்கா?” என்றான்.

“இருக்கு.”

“சின்னவ பிழைச்சுக்கிடுவாளா?”

“பிழைச்சுக்கிடுவா. மாத்திரைய ஒழுங்காப் போட்டா ஒண்ணும் வராது.”

தம்பி கண்ணாடி வழியாக மூத்தவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மேளக்காரர்கள் நிறுத்தியிருந்தார்கள். பிறகு, விஷயம் புரியாத சின்னப் பிள்ளை கேட்பது போல, கோபமே இல்லாமல் கேட்டான்.

“அப்பம் இவளும் பிழைச்சிருப்பாள்லாக்கா?”

“ஆமாலே” என்றாள் மதினி.